கணக்கு மாற்றியபின் வீட்டுக்கடன் தவணை இரண்டு தடவை வெட்டப்பட்டால்: முழுமையான வழிகாட்டி

சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றியாயிற்று. வீட்டு லோன் தவணை இனிப் புதிய கணக்கிலிருந்து போகவேண்டும் என்று படிவமும் நிரப்பிக் கொடுத்தாயிற்று. அடுத்த மாதம் பழைய பாஸ்புக்கைப் பதியக் கொடுத்தால், அங்கிருந்தும் அதே தவணை வெட்டப்பட்டிருக்கிறது. கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ ஒரு மாதச் சம்பளத்தை அளந்து செலவு செய்யும் வீட்டுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபா இப்படிச் சிக்குவது சின்ன விசயம் இல்லை. ஆனால் அந்தக் காசு தொலைந்துபோகவில்லை. எங்கோ ஒரு கணக்கில் உங்கள் பெயரில்தான் நிற்கிறது. எங்கே நிற்கிறது என்று பார்த்து, என்ன செய்யவேண்டும் என்று எழுத்தில் சொன்னால் கைக்கு வரும். சொல்லாமல் விட்டால் வங்கி தன் வழமைப்படி ஒன்றைச் செய்துவிடும். அது உங்களுக்குத் தோதானதாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு விசயத்தை வடிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டாண்டிங் ஓடர், அதாவது வங்கிப் படிவங்களில் நிலையான கட்டளை என்று இருப்பது, காசு வெளியேறும் வங்கிக்கு நீங்கள் கொடுத்த கட்டளை. கடன் தந்த வங்கி அதைப் பெறும் பக்கத்தில் மட்டுமே நிற்கிறது. ஆகவே கடன் தந்த கிளைக்குப் போய், “நான் கணக்கு மாற்றிவிட்டேன், பழையதிலிருந்து எடுக்காதீர்கள்” என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர்களால் அதை நிறுத்த முடியாது. அவர்கள் தலையாட்டுவார்கள், புதிய கணக்கைப் பதிவார்கள். பழைய வங்கியின் கணினி அடுத்த மாதமும் தன் வேலையைச் செய்யும். இரட்டைத் தவணைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன.

கடனும் பழைய சேமிப்புக் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் ஸ்டாண்டிங் ஓடர் இருக்காது. கடன் கணக்கோடு ஒரு சேமிப்புக் கணக்கு இணைக்கப்பட்டிருக்கும். தவணை நாளில் வங்கி அதிலிருந்து தானாக அறவிடும். இதை மாற்ற வேண்டியது அந்தக் கிளையின் கடன் பகுதி. கவுண்டரில் சொன்னது கடன் பகுதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

முதற்படி: மூன்று தாள்களைப் பக்கத்தில் வையுங்கள்

எஸ்எம்எஸ்ஸை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். பழைய கணக்கின் கூற்று, புதிய கணக்கின் கூற்று, கடன் கணக்கின் கூற்று ஆகிய மூன்றும் வேண்டும். முதலிரண்டையும் பாஸ்புக் பதிவிலோ செயலியிலோ பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதைக் கடன் தந்த கிளையில் கேட்டு வாங்கவேண்டும். “லோன் ஸ்டேட்மென்ட், கடைசி மூன்று மாதத்துக்கு” என்று கேளுங்கள். மீதித் தொகையை மட்டும் ஒரு துண்டில் எழுதித் தந்தால் போதாது. ஒவ்வொரு வரவும் எந்தத் திகதியில், எந்த வழியால் வந்தது, அதில் எவ்வளவு வட்டிக்கு, எவ்வளவு முதலுக்குப் போனது என்று தெரியவேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 15 இலட்சம் ரூபா கடன், 14 வீத வட்டி, 10 வருடம், சம தவணை. மாதத் தவணை ரூபா 23,290. தவணை நாள் ஒவ்வொரு மாதமும் 5 ஆம் திகதி. தாள்களில் இப்படி இருக்கிறது:

பழைய கணக்கு, 5 ஆம் திகதி: ஸ்டாண்டிங் ஓடர், பற்று 23,290.00
புதிய கணக்கு, 5 ஆம் திகதி: ஸ்டாண்டிங் ஓடர், பற்று 23,290.00
கடன் கணக்கு, 5 ஆம் திகதி: வரவு 23,290.00

பற்று இரண்டு, வரவு ஒன்று. மற்றது எங்கே? உடனே சண்டைக்குப் போகாமல், கடன் வங்கியில் உங்கள் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்கைப் பாருங்கள். வேறு வங்கியிலிருந்து வரும் தவணை பல இடங்களில் நேராகக் கடன் கணக்குக்குள் போவதில்லை. கடனோடு இணைத்த சேமிப்புக் கணக்கில் விழும். அங்கிருந்து வங்கி ஒரு தவணையை மட்டும் எடுக்கும். அப்படியானால் இரண்டாவது 23,290 அந்தச் சேமிப்புக் கணக்கிலேயே சும்மா இருக்கும். அது உங்கள் சேமிப்பு. அடையாள அட்டையோடு போய் எடுக்கலாம், அல்லது அடுத்த தவணைக்கு விடலாம். ஆனால் எடுக்கமுன் கடன் கடிதத்தை ஒருக்கால் பாருங்கள். சில கடன்களில் அந்தக் கணக்கில் எப்போதும் குறிப்பிட்ட தொகை இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கும்.

அங்கேயும் இல்லையென்றால் இரண்டு வழிதான். ஒன்று, கணக்கு இலக்கம் பிழைத்து அல்லது பெயர் பொருந்தாமல் காசு அனுப்பிய வங்கிக்கே திரும்பியிருக்கும். சில நாள் கழித்துப் பழைய கணக்கில் அதே தொகை வரவாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்றது, கடன் வங்கி அதை எந்தக் கணக்குக்கு வைப்பது என்று தெரியாமல் தன் இடைநிலைக் கணக்கொன்றில் போட்டு வைத்திருக்கும். அதைத் தேட அனுப்பிய திகதி, தொகை, கொடுக்கல் வாங்கல் இலக்கம் மூன்றும் தேவை. அந்த இலக்கத்தை அனுப்பிய வங்கிதான் தரமுடியும்.

கடன் கூற்றில் இரண்டு வரவும் இருந்தால், அதுதான் உண்மையான இரட்டைத் தவணை.

எப்படி இரண்டாகிறது

காரணத்தைப் பிடிக்காமல் காசைத் திருப்பி எடுத்தால் அடுத்த மாதம் மூன்றாவதும் போகும்.

பழைய ஓடரை நிறுத்த மறந்தது முதற் காரணம். அதைச் சொல்லியாயிற்று. நிறுத்தச் சொல்லியும் போவது அடுத்தது. ஓடர் 5 ஆம் திகதி; நீங்கள் 3 ஆம் திகதி பின்னேரம் படிவம் கொடுத்தீர்கள்; 4 ஆம் திகதி போயா. கிளை அதைக் கணினியில் மாற்றமுன் 5 ஆம் திகதி காலையில் ஓடர் ஓடிவிடும். தவணை நாளுக்குக் குறைந்தது ஏழு வேலை நாள் முன் கொடுங்கள். போயாவையும் சனி ஞாயிறையும் வேலை நாளாக எண்ணாதீர்கள்.

மூன்றாவது காரணம் ஆட்களை அதிகமாக ஏமாற்றுவது. கணக்கில் காசு இல்லாவிட்டால் ஓடர் அந்த மாதத்துக்கு முடிந்துவிட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். பல வங்கிகளின் கணினி அடுத்த சில நாட்களுக்குத் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். தவணை நாள் 22, சம்பளம் 25 என்று வையுங்கள். 22 ஆம் திகதி பழைய கணக்கில் காசில்லை, ஓடர் தவறியது என்று எஸ்எம்எஸ் வருகிறது. தாமதக் கட்டணத்துக்குப் பயந்து 24 ஆம் திகதி முல்லைத்தீவுக்கு பஸ் ஏறிக் கவுண்டரில் காசாகக் கட்டுகிறீர்கள். சம்பளக் கணக்கு மாற்றம் அந்த மாதப் பட்டியலில் ஏறவில்லை. 25 ஆம் திகதி சம்பளம் பழைய கணக்குக்கே வருகிறது. காத்திருந்த ஓடர் உடனே வெட்டிவிடுகிறது. யாரும் பிழை செய்யவில்லை, தவணை இரண்டு போய்விட்டது. ஆகவே ஓடர் தவறிய மாதத்தில் கையால் கட்டப் போகிறவர், முதலில் பழைய வங்கிக்குத் தொலைபேசி எடுத்து, “இந்த ஓடர் இனியும் முயலுமா, எத்தனை நாளைக்கு?” என்று கேட்கவேண்டும்.

தவணை நாள் போயாவிலோ ஞாயிறிலோ விழும் மாதமும் இப்படித்தான். ஓடர் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில்தான் போகும். அன்று போகவில்லையே என்று செயலியில் இன்னொரு தடவை அனுப்பிவிடுவார்கள்.

செயலியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வங்கிக்கு வங்கி உடனே போகும் செஃப்ட்ஸ் முறையில் அனுப்பும்போது சிக்னல் விழுந்தால், திரை “முடியவில்லை” என்று காட்டும். காசு போயும் இருக்கலாம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் சிக்னல் ஆடும் இடங்களில் இது நடக்கக்கூடியது. திரும்ப அனுப்பமுன் கணக்கு மீதியைப் பாருங்கள். மீதி குறைந்திருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மாமாவோ அங்கிருந்து மாதா மாதம் கடன் கட்டும் வீடுகள் வன்னியில் நிறைய. அவர் தன் வங்கியில் வைத்த ஓடர் உங்கள் கண்ணுக்கே தெரியாது. இங்கே கணக்கு மாற்றும்போது அவருக்கும் சொல்லவேண்டும். அவர் அனுப்புவது எந்தக் கணக்கு இலக்கத்துக்கு என்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் பிழைக்கும்.

அரச உத்தியோகத்தர், ஆசிரியர் என்றால் தவணை சம்பளத்திலேயே கழிபட்டுக் கடன் வங்கிக்குப் போகும் ஏற்பாடு இருக்கலாம். துணுக்காய் வலயமோ வவுனியா வடக்கு வலயமோ, சம்பளப் பகுதி கழிப்பதை நிறுத்தவேண்டுமானால் பெரும்பாலும் கடன் வங்கியின் கடிதம் வேண்டும், அதுவும் அந்த மாதச் சம்பளப் பட்டியல் மூடமுன். சம்பளச் சீட்டில் கழிவு வரி இருக்கும் மாதத்தில் புதிய ஓடரைத் தொடங்காதீர்கள். சீட்டில் அந்த வரி மறைந்ததைக் கண்ணால் கண்டபின் தொடங்குங்கள்.

கடனுக்குப் பின்திகதியிட்ட செக் கொடுத்தவர்கள் மிச்சச் செக்குகளைத் திருப்பி வாங்கவேண்டும். வாங்க முடியாவிட்டால் செக் இலக்கங்களைச் சொல்லிக் கொடுப்பனவை நிறுத்தும்படி பழைய வங்கிக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். செக் கணக்கைக் காசில்லாமல் விட்டுவிட்டுச் செக் திரும்பும்வரை இருப்பது மோசமான வழி. திரும்பிய செக் உங்கள் பெயரில் பதிவாகும்.

இரண்டாம் படி: மூன்றாவது தவணை போகாமல் அடைப்பு

காசைத் திருப்பி எடுப்பதற்கு ஓடமுன் இதைச் செய்யுங்கள். அடையாள அட்டை, பழைய பாஸ்புக், ஓடர் வைத்தபோது தந்த தாள் இருந்தால் அதுவும் எடுத்துக்கொண்டு பழைய வங்கிக்குப் போங்கள். எந்தக் கிளையிலும் செய்யலாமா, கணக்குத் திறந்த கிளைக்குத்தான் போகவேண்டுமா என்று முதல்நாளே தொலைபேசியில் கேளுங்கள். புதுக்குடியிருப்பில் இருப்பவருடைய கணக்கு வவுனியாவிலோ செட்டிகுளத்திலோ இடம்பெயர்ந்திருந்த காலத்தில் திறந்ததாக இருக்கலாம். ஒரு நாள் வேலையும் பஸ் காசும் வீணாகாமல் இருக்க அந்த ஒரு அழைப்பு போதும்.

அப்படிப்பட்ட பழைய கணக்குகளில் இன்னொரு வில்லங்கம்: கையெழுத்து. பதினைந்து வருடத்துக்கு முன் வைத்த கையெழுத்தும் இன்றைய கையெழுத்தும் பொருந்தாது. அடையாள அட்டை அப்போது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், இப்போது பன்னிரண்டு இலக்கம். பெயர் எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். இதையெல்லாம் அன்றே புதுப்பித்துக்கொள்ளுங்கள். காசு திருப்பும்போது இந்தப் பொருத்தமின்மைதான் வாரக்கணக்கில் இழுக்கும்.

படிவம் கொடுத்தபின் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். படிவத்தின் பிரதியில் திகதியோடு முத்திரை. கணினியில் ஓடர் நீங்கியதா என்று அங்கேயே பார்த்துச் சொல்லுதல். அதே கணக்கில் வேறு ஓடர்கள் ஏதும் இருந்தால் அவற்றின் பட்டியல். காப்புறுதித் தவணை, நகைக்கடன் வட்டி, பிள்ளையின் சேமிப்பு என்று மறந்துபோனவை வெளியே வரும். செயலியில் ஓடர் தெரியவில்லை என்பதற்காக இல்லையென்று நினைக்காதீர்கள். கிளையில் தாளில் கொடுத்தவை சில செயலிகளில் காட்டாது.

பழைய கணக்கை உடனே மூடவும் வேண்டாம். திரும்பிவரும் காசு அந்தக் கணக்குக்குத்தான் வரக்கூடும். ஒரு தவணை நாள் எதுவும் வெட்டாமல் கடந்தபின் மூடுங்கள்.

மூன்றாம் படி: மேலதிகக் காசை என்ன செய்வது

இங்கேதான் ஆறுதலாக யோசிக்கவேண்டும். வழி மூன்று உண்டு: கையில் திருப்பி வாங்குவது, அடுத்த மாதத் தவணையாக வைப்பது, முதலில் (அதாவது கடனின் முதல் தொகையிலிருந்து) கழிப்பது. பின்னிரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல.

நமது உதாரணக் கடனில் மிச்ச முதல் ரூபா 11,20,000 என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். அந்த மாத வட்டி 13,066.67. தவணை 23,290இல் அது போக 10,223.33 முதலுக்குப் போகிறது. மிச்சம் 11,09,776.67. அடுத்த மாத வட்டி 12,947.39.

இரண்டாவது 23,290ஐயும் அன்றே முழுதாக முதலில் கழித்தால் மிச்சம் 10,86,486.67. அடுத்த மாத வட்டி 12,675.68. அந்த ஒரு மாதத்துக்கே ஏறத்தாழ 272 ரூபா குறைகிறது. கடன் முடியும்வரை அந்தக் குறைவு தொடரும், கடைசியில் தவணையும் சில குறையும். ஆனால் அடுத்த மாதமும் 23,290 வழக்கம்போலக் கட்டவேண்டும். முதலில் கழித்தது அடுத்த தவணையைக் கட்டியதாகாது. இதை விளங்காமல், “போன மாதம் இரண்டு கட்டினேன்தானே” என்று ஒரு மாதம் விட்டவர் நிலுவைக்காரராகிவிடுவார்.

அடுத்த மாதத் தவணையாக வைத்தால் அந்த மாதம் கட்டத் தேவையில்லை. ஆனால் பல வங்கிகள் அந்த முற்பணத்தைத் தவணை நாள்வரை தனியே வைத்திருக்கும். அதுவரை வட்டி குறையாது. இப்படி வைத்தால் புதிய கணக்கின் ஓடரையும் அந்த ஒரு மாதத்துக்கு நிறுத்தவேண்டும். நிறுத்தி, அடுத்த மாதம் திரும்பத் தொடங்க மறந்தால் அது வேறு தொல்லை. ஓடரைத் தொடாமல் முற்பணத்தை அப்படியே விட்டுவைத்தால், ஒரு தவணை எப்போதும் முன்னால் நிற்கும். சம்பளம் பிந்தும் மாதத்தில் அது கைகொடுக்கும். கையிருப்பு உள்ளவர்களுக்கு இது நல்ல ஏற்பாடுதான்.

கையில் திருப்பி வாங்குவது எப்போது சரி? நகை அடகில் இருந்து, அதன் வட்டி வீட்டுக்கடன் வட்டியைவிட அதிகமானால், திருப்பி வாங்கி நகையை மீளுங்கள். காலபோக விதைப்பு நேரம் உரத்துக்கும் உழவுக்கும் கடையில் கடன் சொல்லி, அறுவடையில் நெல்லாகக் கொடுக்கும் நிலை என்றால், அதைவிட 14 வீதம் மலிவு. காசைத் திருப்பி வாங்குங்கள். பழைய கணக்கு இந்த வெட்டினால் மேலதிகப்பற்றுக்குள், அதாவது மீதிக்கு மேல் எடுத்த நிலைக்குள், போயிருந்தாலும் திருப்பி வாங்கத்தான் வேண்டும். வேறு நெருக்கடி ஒன்றும் இல்லாதவருக்கு முதலில் கழிப்பதுதான் இலாபம். அதற்குமுன் கடன் கடிதத்தில் பகுதி முற்கொடுப்பனவுக்குக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். வட்டி நிலையாக இருக்கும் காலத்தில் சில வங்கிகள் கட்டணம் எடுக்கும். 272 ரூபாவை மிச்சம் பிடிக்கப் போய் ஆயிரம் கொடுக்கக்கூடாது.

ஏற்கெனவே நிலுவை இருக்கும் கடனில் இந்தத் தெரிவு உங்கள் கையில் இல்லை. வரும் காசை வங்கி முதலில் கட்டணம், தாமத வட்டி, வட்டி, பிறகு முதல் என்று கழிக்கும். மேலதிகமாகப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது, மிஞ்சாதபோது திருப்பிக் கேட்கவும் இயலாது.

நான்காம் படி: கடிதம்

வாயால் சொன்னது முகாமையாளர் மாறினால் போய்விடும். தமிழிலேயே எழுதலாம். இப்படி:

திகதி: ..........

முகாமையாளர்,
.......... வங்கி, .......... கிளை.

வீட்டுக்கடன் கணக்கு இல. .......... : ஒரே மாதத் தவணை இரண்டு தடவை செலுத்தப்பட்டமை

மேற்படி கடனுக்கான இம்மாதத் தவணை ரூபா 23,290.00 இரண்டு தடவை வந்துள்ளது.

முதலாவது: .......... ஆம் திகதி, .......... வங்கியிலுள்ள எனது கணக்கு இல. .......... இலிருந்து.
இரண்டாவது: .......... ஆம் திகதி, .......... வங்கியிலுள்ள எனது கணக்கு இல. .......... இலிருந்து.

முதலாவதை இம்மாதத் தவணையாக அதன் திகதியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டாவதாக வந்த ரூபா 23,290.00ஐ எனது கணக்கு இல. .......... க்குத் திருப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திருப்பியபின் கடன் கணக்கில் நிலுவையோ தாமதக் கட்டணமோ இல்லை என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தித் தரவும்.

பழைய கணக்கின் நிலையான கட்டளை .......... ஆம் திகதி நிறுத்தப்பட்டுள்ளது.

இணைப்பு: இரு கணக்குகளின் கூற்றுப் பிரதி, கடன் கூற்றுப் பிரதி, கட்டளை நிறுத்திய படிவத்தின் பிரதி, அடையாள அட்டைப் பிரதி.

கையொப்பம், முழுப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம்.

எந்த வரவைத் தவணையாக வைக்கவேண்டும் என்று எழுதுவது மிக முக்கியம். உத்தியோகத்தர் முதல் வந்ததை எடுத்துத் திருப்பிவிட்டால், கணினியில் தவணை பிந்திய திகதியில் கட்டியதாகி, தாமத வட்டி ஏறிவிடும். இரண்டில் முந்தியதை வைக்கச் சொல்லுங்கள். முதல் தொகையிலிருந்து கழிக்கவேண்டுமானால் “எனது கணக்கு இல. .......... க்குத் திருப்பி வைக்குமாறு” என்ற இடத்தில் “கடனின் முதல் தொகையிலிருந்து கழிக்குமாறும், அடுத்த மாதத் தவணையாகக் கொள்ளவேண்டாம் என்றும்” என்று எழுதுங்கள்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் கடன் இருந்தால் இருவரும் ஒப்பமிடவேண்டும். வெளிநாட்டு உறவு அனுப்பிய காசு என்றால், அவருடைய வங்கிச் சீட்டின் பிரதியை இணைத்து, இங்குள்ள கடனாளியின் கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்குத் திருப்பி அனுப்பக் கேட்டால் கட்டணத்திலும் நாணய மாற்றிலும் ஒரு பகுதி கரையும்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் கிளையின் முத்திரையும் பெற்ற திகதியும் வாங்கி வைத்திருங்கள். நேரே போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைக் கடன் கோப்பிலேயே குத்தி வையுங்கள்.

கட்டணங்கள் யார் தலையில்

இரட்டை வெட்டினால் பழைய கணக்கில் மீதி குறைந்து, வேறு செக் திரும்பியிருக்கலாம். ஓடர் தவறிய கட்டணம், மேலதிகப்பற்று வட்டி வந்திருக்கலாம். இவற்றைத் திருப்பிக் கேட்கமுன் நேர்மையாக ஒரு கேள்வி: நிறுத்தும் படிவம் உரிய காலத்துக்கு முன் கொடுத்த முத்திரைப் பிரதி கையில் இருக்கிறதா? இருந்தால் பழைய வங்கி எல்லாக் கட்டணத்தையும் திருப்பவேண்டும், உறுதியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் வங்கி நீங்கள் கொடுத்த கட்டளையைத்தான் நிறைவேற்றியிருக்கிறது; ஒரு தடவை விட்டுத்தரும்படி முகாமையாளரிடம் கேட்கலாம், உரிமையாகக் கோர முடியாது. கடன் வங்கி ஒரே தவணையைத் தன் அறவீட்டாலும் நீங்கள் கவுண்டரில் கட்டிய காசாலும் இரண்டு தடவை பெற்று, கேட்டும் திருப்பாமல் இருந்தால் அது அவர்கள் பொறுப்பு.

பதில் வராவிட்டால்

இரண்டு வாரத்துக்குள் பதில் இல்லையென்றால், கடிதப் பிரதியோடு அதே வங்கியின் தலைமையக முறைப்பாட்டுப் பகுதிக்கு எழுதுங்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்று வாங்குங்கள். இந்தப் படியைத் தாண்டக்கூடாது. அடுத்த இடத்தில் முதல் கேள்வியே, “வங்கியிடம் முறையிட்டீர்களா, என்ன பதில்?” என்பதுதான்.

அதற்கு அப்பால் இரண்டு வாசல். இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 1935 என்ற இலக்கத்தில். மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று கிளிநொச்சியிலும் இருக்கிறது. எப்படி முறையிடுவது என்று அங்கே நேரில் விசாரிக்கலாம். மற்றது நிதியியல் ஒம்புட்ஸ்மன், அதாவது வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவர். இவரிடம் முறையிடக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. எங்கே கொடுத்தாலும் தாள்கள்தான் பேசும்: மூன்று கூற்று, முத்திரையிட்ட கடிதம், முறைப்பாட்டு இலக்கம்.

காசு வந்தபின் ஒரு கடைசிப் பார்வை

திருப்பிய மாதத்துக்கு அடுத்த மாதம் கடன் கூற்றை இன்னொரு தடவை எடுங்கள். திருப்பும்போது உத்தியோகத்தர் போடும் எதிர்ப்பதிவு சில நேரம் சரியான தவணையையும் சேர்த்து நீக்கிவிடும். அப்போது நீங்கள் கட்டிய மாதம் கட்டாத மாதமாகி, நிலுவை காட்டும். அதைக் கவனிக்காவிட்டால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கைக்கும் போகும். எல்லாரும் கிரிப் என்று சொல்வது இதைத்தான். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இரண்டு தடவை கட்டியதால் கிரிப்பில் பெயர் கெடாது. பிழையாகத் திருப்பியதால் வரும் நிலுவைதான் கெடுக்கும். நாளைக்கு உழவு இயந்திரத்துக்கு லீசிங் போடப்போகும்போது அது குறுக்கே நிற்கும். உங்கள் சொந்த அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். சந்தேகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

இன்னும் கணக்கு மாற்றாதவர்களுக்கு

மாறும் மாதத்தைக் கையால் கட்டுங்கள். முதலில் புதிய கணக்கைத் திறந்து, ஒரு சம்பளம் அதில் வந்து விழும்வரை கடன் ஏற்பாட்டைத் தொடாதீர்கள். சம்பளம் வந்ததும் பழைய ஓடரை எழுத்தில் நிறுத்தி முத்திரை வாங்குங்கள். அந்த மாதத் தவணையைக் கடன் வங்கிக் கவுண்டரில் காசாகக் கட்டி, துண்டில் கடன் கணக்கு இலக்கத்தை நீங்களே எழுதுங்கள். பழைய கணக்கில் குறைந்தபட்ச மீதியை மட்டும் விட்டுவையுங்கள். தவணை நாள் கடந்து, பழைய கணக்கில் ஒன்றும் வெட்டவில்லை என்று கண்டபின் புதிய ஓடரை அடுத்த மாதத் தவணையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தொடங்கும் திகதியைப் படிவத்தில் நாள், மாதம், வருடம் மூன்றோடும் எழுதுங்கள். வெறுமனே “5 ஆம் திகதி” என்றால் இந்த மாதம் 5ஆ அடுத்த மாதம் 5ஆ என்பதை உத்தியோகத்தர்தான் தீர்மானிப்பார். சம்பளம் 25 என்றால் ஓடரை 27 அல்லது 28க்கு வையுங்கள். சம்பள நாளுக்கே வைத்தால் சம்பளம் கணக்கில் விழமுன் ஓடர் முயன்று தவறும்.